கார்த்திகைத் தழையும் சித்திரைத் தழையும்

அணைக்கட்டிலிருந்து:

கொல்லையில் கால் ஏக்கர் வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனச் செடி போட்டு நாலு வருஷம் ஆகிறது. மாடு இரண்டும் ஜெர்சி கலப்பு. கார்த்திகை, மார்கழியில் கோ 4 தீவனப் புல்லோடு மாட்டுக்கு எட்டு கிலோ வேலிமசால் கலந்து போட்டால் பால் நன்றாக நிற்கும். போன சித்திரையிலும் அதே எட்டு கிலோதான் போட்டேன். பால் இறங்கியது, எஸ்என்எஃப்பும், அதாவது பாலில் கொழுப்பு போக மீதித் திடப்பொருள் சதவீதமும், 8.4-இலிருந்து 7.9-க்கு வந்துவிட்டது. பால் ஊற்றுகிற இடத்தில் தண்ணி கலந்தாயா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாடு மூச்சு வாங்குகிறது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் அம்மா தீவனத் தொட்டியில் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார். எதற்கும்மா என்றால், "அடுப்புக்குடா, நல்லா எரியுது" என்றார். அத்தனையும் மாடு ஒதுக்கிய வேலிமசால் தண்டு. பென்சில் கனம், ஒடித்தால் நார் நாராகப் பிரிந்தது. அன்றைக்கே பத்து கிலோ அறுத்து, இலையையும் கொழுந்தையும் உருவி எடை போட்டேன். நாலு கிலோகூட இல்லை. அந்த ஐப்பசி மழைக்கு அப்புறம் மறுபடி எடை போட்டதில் ஆறரை கிலோ இருந்தது.

வெயில் ஏற ஏற தண்டில் லிக்னின் என்கிற, மாட்டுக்குச் செரிக்காத மரச்சத்து சேர்ந்து கட்டையாகிவிடும். செடியும் சீக்கிரமே பூத்துக் காய்க்கப் போய்விடும். வேலிமசாலில் 20 சதவீதம் பக்கம் புரதம் என்று சொல்வதெல்லாம் இலை நிறைந்த இளந்தழைக்கு, அதுவும் உலர்ந்த எடையில். விதைத்து 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை என்பது கணக்கு. போர்வெல்லில் தண்ணி குறைந்ததைச் சாக்கு வைத்து நான் 65 நாள் விட்டிருந்தேன். வெயில் பாதி, என் சோம்பல் பாதி. உங்கள் பக்கம் எப்படி?

குடியாத்தத்திலிருந்து:

நான் வெள்ளாடு வைத்திருக்கிறேன், மாட்டுக் கணக்கு தெரியாது. வேலி ஓரமாகக் கிளைரிசிடியா, அகத்தி, சவுண்டல் (சூபாபுல்) என்று மூன்று தழை மரமும் நிற்கிறது. கிளைரிசிடியாவைப் பச்சையாகப் போட்டால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாயங்காலமே வெட்டி வாட விட்டுக் காலையில் போட்டுத்தான் பழக்கினேன். ஆனால் பசுந்தழைக்கு நாம் அலைகிற தை, மாசியில் அது இலையைக் கொட்டிவிட்டு ரோஸ் பூவோடு நிற்கும். பார்க்க அழகுதான், ஆட்டுக்கு என்ன லாபம்?

சவுண்டலுக்கு வேர் ஆழம், கோடையிலும் பச்சை குறையாது. அதனால் ஒரு சித்திரை முழுக்க அதையே வெட்டிப் போட்டேன். மூன்றாவது வாரம் இரண்டு குட்டிக்கு முதுகிலும் வாலிலும் முடி உதிர ஆரம்பித்தது. தடவினால் கையோடு வரும். சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் பூசினேன். டாக்டர் பார்த்ததும் முதல் கேள்வியே "சவுண்டல் போடுறீங்களா?" அதில் மிமோசின் என்று ஒரு நச்சு இருக்கிறதாம், கொழுந்திலும் விதையிலும் அதிகம். தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றார். குறைத்ததும் ஆடி கடைசிக்குள் முடி முளைத்துவிட்டது.

அகத்தி போட்டால் என் ஆடுகளுக்குக் கல்யாண விருந்து. ஒரே கவலை, அடிக்கடி மொட்டையடித்தால் மரமே பட்டுப்போகும். இரண்டை அப்படி இழந்தேன்.

கே.வி.குப்பத்திலிருந்து:

குளிர்காலத் தழைக்கும் ஒரு குணம் உண்டு. என்னிடம் இருப்பது குதிரைமசால், அதுவும் பயறு வகைத் தீவனச் செடிதான். மார்கழியில் செழித்து வரும். பனி சொட்டச் சொட்ட அறுத்து வெறும் வயிற்றில் மாட்டுக்குப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் இடப்பக்க வயிறு மேளம் மாதிரி ஆகிவிட்டது, தட்டினால் சத்தம் வருகிறது. டாக்டர் வந்து குழாய் விட்டு, எண்ணெய் கொடுத்துக் காப்பாற்றினார். நாமாக எண்ணெய் புகட்டப் போய் நுரையீரலுக்குள் போய்விட்டால் மாடே போய்விடும், ஜாக்கிரதை. இப்போது முதலில் வைக்கோல், அப்புறம்தான் வாட வைத்த குதிரைமசால். வேலிமசாலில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து இருக்கிறது, அதனால் அதில் இந்த நுரை உப்புசம் கிடையாது.

இன்னொன்று. மல்லாட்டைக் (நிலக்கடலை) கொடியை யாரும் உச்சி வெயிலில் கட்டாதீர்கள். இலை பொடிப்பொடியாய் உதிர்ந்து காட்டிலேயே கிடக்கும், வீட்டுக்கு வருவது வெறும் காம்பு. விடியற்காலை ஈரப்பதத்தில் கட்டினால் இலை நிற்கும். ரொம்ப ஈரமாகக் கட்டிவிட்டால் அடுக்கி வைத்த போரில் பூஞ்சணம் பிடிக்கும், அதையும் பார்க்கணும்.

மறுபடியும் அணைக்கட்டிலிருந்து:

இந்தப் பங்குனியில் வேலிமசாலை நாலு பாத்தியாகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒரு பாத்தி என்று அறுக்கிறேன். தண்ணியும் அந்தந்தப் பாத்திக்குத்தான். வெயில் அதே வெயில், எஸ்என்எஃப் 8.2-இல் நிற்கிறது. அம்மாவுக்குத்தான் அடுப்புக்குக் குச்சி இல்லாமல் போய்விட்டது என்று என்மேல் கோபம்.