அண்ணனை மன்னித்தால் ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டுமா?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்த பிறகு வீட்டுப் பத்திரம், கணக்கு வழக்கு எல்லாம் அண்ணன் கையில்தான் இருந்தது. அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வீட்டை அடமானம் வைத்து, அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டான், தொழிலும் போனது, வீடும் போனது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டதற்கு "கல்யாணமாகிப் போனவளுக்கு எதற்கு இந்தப் பேச்சு" என்றான். இன்றுவரை தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். இதற்கு நடுவில் என் கணவருக்கும் வேலை போய்விட்டது, கையில் இருந்ததை வைத்து ஓட்டுகிறோம்.

இப்போது அண்ணன் மறுபடி ஏதோ ஆரம்பிக்கிறானாம், கடனுக்கு என் கணவர் ஜாமீன் கையெழுத்து போட வேண்டுமாம். "கூடப் பிறந்தவனை இன்னும் மன்னிக்கவில்லையா, அப்புறம் எதற்கு ஜெபம் பண்ணுகிறாய்" என்று அம்மா கேட்கிறார். சபையில் ஒரு அக்கா அதைவிட ஒரு படி மேலே போய், என் கசப்புதான் ஆசீர்வாதத்தை அடைத்து வைத்திருக்கிறது, அதனால்தான் அவருக்கு வேலை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. உண்மையிலேயே அப்படியா? மன்னித்தேன் என்றால் கையெழுத்தும் போட வேண்டுமா?

ஒலிவக்கிளை:
சிஸ்டர், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன். மாற்கு 11:25 எடுத்துப் பாருங்கள், ஜெபத்துக்கு நிற்கும்போதே ஒருவர்மேல் குறை இருந்தால் மன்னிக்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிறையிருப்பும் அவன் தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோதுதான் மாறியது, 42:10. பேதுரு ஏழு தரமா என்று கேட்டதற்கு ஆண்டவர் ஏழெழுபது தரம் என்றார். அண்ணன் வந்து மன்னிப்பு கேட்கட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். கணக்குப் பார்க்காமல் விட்டுக்கொடுங்கள், வேலையை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

பழையவிசுவாசி:
பிரதர், கசப்பை வைத்துக்கொள்ளக்கூடாது என்பது சரி. ஆனால் யோபு 42-ல் 10-ஆம் வசனத்துக்கு மூன்று வசனம் மேலே போய்ப் படியுங்கள். நீ ஏதோ பாவம் செய்ததால்தான் இந்தக் கஷ்டம் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசியவர்கள்தானே அந்தச் சிநேகிதர்கள்? அவர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்பட்டு, ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் எடுத்துக்கொண்டு யோபுவிடம் போகச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் யோபு அவர்களுக்காக ஜெபித்தது. இந்தச் சகோதரியிடம் சபையில் பேசிய அக்கா அந்த அதிகாரத்தில் யார் பக்கம் வருவார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றுதான் ஆண்டவர் சொன்னார் (யோவான் 9). ஆகவே சகோதரி, அந்தப் பேச்சைத் தூக்கிச் சுமக்காதீர்கள்.

இப்போது கையெழுத்து விஷயம். ஆதியாகமத்தில் வரும் யோசேப்பு கதையை நாம் 45-ஆம் அதிகாரத்துக்குத் தாவிப்போய்க் கட்டிப்பிடித்து அழும் இடத்திலேயே பிரசங்கம் பண்ணிவிடுகிறோம், அதற்கு முந்தின மூன்று அதிகாரம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. யோசேப்பை 17 வயதில் 20 வெள்ளிக்காசுக்கு விற்றுப்போட்ட அண்ணன்மார், கிட்டத்தட்ட 22 வருஷம் கழித்து, அவர் எகிப்துக்கே அதிபதியாக இருக்கும்போது, அவரை யார் என்று தெரியாமலே தானியம் வாங்க எதிரே வந்து நிற்கிறார்கள். யோசேப்பு தனியே போய் அழுகிறார், அழுதுவிட்டுத் திரும்பி வந்து அவர்களில் ஒருவனான சிமியோனைக் கட்டி வைக்கிறார். மற்றவர்களுக்கு மூட்டை நிறையத் தானியம் கொடுக்கிறார், அவர்கள் கொடுத்த பணத்தையும் சத்தமில்லாமல் அவரவர் சாக்கிலேயே திருப்பி வைக்கச் சொல்கிறார். வீட்டில் பசியோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு போனது, ஆனால் தான் யார் என்று மட்டும் சொல்லவில்லை. எப்போது சொன்னார்? அன்றைக்கு "விற்றுவிடலாம்" என்று யோசனை சொன்ன அதே யூதா, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்ற பிறகு. மனுஷன் மாறியிருக்கிறானா என்று பார்ப்பதைப் பழிவாங்குவது என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

ஏழெழுபது தரம் என்று சொன்ன கையோடு ஆண்டவர் சொன்ன உவமையையும் பாருங்கள். ராஜா பதினாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளிவிட்டான். அதே ஊழியக்காரனுக்குப் புதிதாக ஒரு கடன் கொடுத்தான் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. உங்கள் அண்ணன் தொலைத்த வீட்டை இனி அவரிடம் கேட்கப்போவதில்லை, சொல்லிக்காட்டப்போவதும் இல்லை என்று கர்த்தர் முன்னால் தீர்மானம் பண்ணினால் அது மன்னிப்பு. ஜாமீன் என்பது வேறு பேச்சு.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னதோடு நீதிமொழிகள் 6:1-5, 11:15, 22:26 மூன்றையும் உங்கள் கணவரோடு உட்கார்ந்து படியுங்கள். பிணைப்படாதே, பட்டுவிட்டால் தூங்காமல் போய்த் தப்பித்துக்கொள் என்று இவ்வளவு அழுத்திச் சொன்ன விஷயங்கள் அந்தப் புத்தகத்திலேயே அதிகம் இல்லை. நடைமுறையும் அதுதான், அவர் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் நேராக ஜாமீன் போட்டவரிடம்தான் வருவார்கள். வேலை இல்லாதவர் இதில் கையெழுத்து போடுவது விசுவாசம் என்று யாராவது சொன்னால், நீங்கள் வந்து போடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆள் இருக்க மாட்டார்.

ஒலிவக்கிளை:
ஜாமீன் போடச் சொல்லி நான் எழுதவில்லை பிரதர். மனதிலிருந்து இறக்கி வையுங்கள் என்றுதான் சொன்னேன். யோபு விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

கடுகுவிதை:
எல்லாருக்கும் நன்றி. சாக்கில் பணத்தைத் திருப்பி வைத்ததை எத்தனையோ தரம் படித்திருக்கிறேன், இப்படி யோசித்ததே இல்லை. அண்ணன் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவுக்கு முடிந்தபோது ஏதாவது கொடுக்கலாம் என்று அவரும் சொல்கிறார், கையெழுத்து மட்டும் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டோம். ஒன்றுதான் இன்னும் பாரமாக இருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை, அண்ணன் முகம்தான் வருகிறது, இன்னொரு பக்கம் ஆண்டவர்மேலேயே கோபம் வருகிறது. இப்படி இருந்துகொண்டு மன்னித்துவிட்டேன் என்று சொல்வது வேஷம் இல்லையா?

பழையவிசுவாசி:
வேஷம் இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல், ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. அதையே வாய்விட்டு வாசியுங்கள், அதுவே ஜெபம்தான். அண்ணன் முகம் வந்தால் வரட்டும், அவர் பெயரைச் சொல்லி அவரை உம்மிடம் விட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக்குத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கும். ஏழெழுபது தரம் என்றால் நாள்தோறும் புதுத் தப்புக்கு மட்டும்தான் என்று இல்லை, பழைய ஒரே தப்புக்கே அத்தனை தரம் தேவைப்படும்.

கடுகுவிதை:
சரி அண்ணா. அம்மாவிடம் கையெழுத்து இல்லை என்று யார் சொல்வது? அவர் சொன்னால் மருமகன் தடுத்தார் என்று ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
நீங்களே சொல்லுங்கள் சகோதரி, அண்ணனிடமிருந்து அடுத்த போன் வருவதற்கு முன்னாலேயே. பிள்ளைகளுக்குச் செய்யப்போவதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் இதைச் சொல்லுங்கள்.