நீல டரான்டுலா வளர்ப்பில் பிறந்ததுதானா என்று அறிய உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். பொசிலோதீரியா மெட்டாலிகா என்னும் நீல டரான்டுலாவின் (பெரிய சிலந்தி வகை) வளர்ந்த பெண் ஒன்றைத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அது வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடிக்கப்பட்டதா என்பதை எப்படி உறுதிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆந்திரத்தில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட, 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காட்டில் மட்டுமே இது இயற்கையாக வாழ்வதாக அறியப்படுகிறது. மிகவும் அருகிவிட்ட இனமாக வகைப்படுத்தப்பட்டிருப்பதோடு, 2019-இல் பொசிலோதீரியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டதால், எல்லை கடந்து விற்க அனுமதி ஆவணம் தேவை. நிறத்துக்காகவே பலர் இதைத் தேடுவதால் (எனக்கும் அந்த ஆசை உண்டு) கேள்வி கேட்காமல் வாங்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

குஞ்சிலிருந்தே தாம் வளர்த்ததாகக் கொடுப்பவர் சொன்னாலும், ஆவணம் எதையும் காட்டவில்லை. அவர் அனுப்பிய படத்தில் இடப்பக்கப் பின்னங்கால் மற்றவற்றைவிட மெலிந்து, மீண்டும் முளைத்ததுபோல் தெரிகிறது. காட்டில் காலை இழந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலும், கூண்டுக்குள்ளும் சட்டை உரிக்கும்போது கால் போகக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க நான் தயங்குகிறேன். சிறு வயது முதல் உரித்த சட்டைகளை அவர் வரிசையாகக் காட்டினால் அதைச் சான்றாக ஏற்கலாமா? கடைசிச் சட்டையை நீரில் ஊறவைத்து விரித்து, முன் நுரையீரல்களுக்கு நடுவே விந்துப்பை (பெண் சிலந்தி விந்தைச் சேமித்து வைக்கும் பை) இருக்கிறதா என்று பார்த்துப் பெண்தான் என உறுதிசெய்ய எனக்குத் தெரியும். பிறப்பிடத்தை அறியத்தான் வழி தெரியவில்லை. அவரிடம் வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.