பைவீக்லின்னா எத்தனை நாள்? மாட்டினவங்க எழுதுங்க

மஞ்சூர் பொண்ணு:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. அதான் இங்க எழுதறேன்.

எங்களுக்கு மஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஆடி மழையில கொப்புள நோய் எப்படி வரும்னு தோட்டம் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதை விளக்கலை. அந்த வருஷம் மருந்து வாங்கின கடையில ஒரு இங்கிலீஷ் நோட்டீஸ் குடுத்திருக்காங்க. அப்பா அதை நாலா மடிச்சு ஸ்வெட்டர் பாக்கெட்ல வச்சுக் கொண்டுவந்து என்கிட்ட நீட்டினார். நான் அப்ப எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாம் வருஷம். "பைவீக்லி ஸ்ப்ரே"ன்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அடிக்கணும்ப்பா"ன்னேன்.

"நாம வாராவாரம்ல அடிப்போம்?"னு கேட்டார்.

"இது புது மருந்துப்பா, அதனால அப்படி இருக்கும்"னு நானே ஒரு காரணத்தையும் சேத்துச் சொன்னேன். வார்த்தைக்கு அர்த்தம் தப்பாச் சொன்னதுகூடப் பரவாயில்லை. கேக்காத காரணத்தை நான் எதுக்குக் கண்டுபிடிச்சேன்?

பதினோராம் நாளோ பன்னெண்டாம் நாளோ, ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கிட்டு வந்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினார். காகிதத்துல எண்ணெய் சொட்டின மாதிரி இலையில வட்டம் வட்டமா வெளிச்சம் ஊடுருவித் தெரிஞ்சுது. திருப்பினார். சில வட்டம் அடிப்பக்கமா உப்பி, வெள்ளையா மாவு பூத்திருந்துச்சு. ஒரு வார்த்தை பேசலை. இலையை என் புஸ்தகத்து மேல வச்சுட்டுக் கை கழுவப் போயிட்டார். அந்த ரவுண்டுல எடுக்க வேண்டிய கொழுந்துல பாதிக்கு மேல வீணாப் போச்சு.

அப்புறம்தான் டிக்‌ஷனரியை எடுத்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவைன்னும் போட்டிருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னும் போட்டிருக்கு. ஒண்ணுக்கொண்ணு நாலு மடங்கு வித்தியாசம். ஒரே வார்த்தை.

வத்தலக்குண்டு அப்பா:
எங்கள மாட்டிவிட்டது இதோட அண்ணன், பைமன்த்லி. கொடைக்கானல்ல ஒரு போர்டிங் ஸ்கூல், பேரு வேணாம். பயல ஆறாம் கிளாஸ்ல சேத்தோம். பேப்பர்ல "பேரண்ட்ஸ் விசிட் பைமன்த்லி"ன்னு போட்டிருந்தாய்ங்க. மாசம் ரெண்டு வாட்டின்னு நெனச்சு, "பதினஞ்சு நாள்ல வந்துருவோம்டா"ன்னு சொல்லிட்டு மலையெறங்கிட்டோம்.

சொன்ன மாதிரி பதினஞ்சாம் நாளு ஒரு டப்பா நெறைய கைமுறுக்கோட கெளம்பியாச்சு. ஏறும்போது வளைவுக்கு வளைவு அவுக அம்மாவுக்கு வாந்தி. கேட்டுல வாட்ச்மேன் "அடுத்த மாசம் கடைசி ஞாயிறுதான் சார்"ங்கிறாரு. கெஞ்சிப் பாத்தாச்சு. டப்பாவ மட்டும் வாங்கிக்கிட்டாரு.

மாடி வராண்டாவுல நின்னான். ஸ்வெட்டர உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டியிருந்தான், தையல் அம்புட்டும் தெரிஞ்சுச்சு. கூப்பிடலாம்னு கையத் தூக்குறேன், மஞ்சு வந்து மூடிருச்சு. அவன் கை ஆட்டுனானா இல்லையாங்கிறதுல எனக்கும் அவுக அம்மாவுக்கும் இன்னைக்கு வரைக்கும் சண்டை.

லாஜிக் மட்டும்:
இதுல என்ன குழப்பம்னு புரியலை. பை என்றால் ரெண்டு. பைசைக்கிளுக்கு ரெண்டு சக்கரம். பைவீக்லின்னா ரெண்டு வாரம், பைமன்த்லின்னா ரெண்டு மாசம். வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு சொல்ல செமிவீக்லி இருக்கு, செமின்னா பாதி. மஞ்சூர் பொண்ணு சொன்ன அர்த்தம்தான் சரி, நோட்டீஸ் எழுதினவர் மேலதான் தப்பு. நம்ம கரண்ட் பில் பைமன்த்லி. 2016ல 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சதும் ரெண்டு மாசத்துக்குத்தான். ரிசர்வ் வங்கி வட்டி அறிவிப்பு பைமன்த்லி; வருஷத்துக்கு ஆறு. இதுல யாராவது குழம்பினாங்களா? என் அனுபவம்: எனக்கு ஒருதடவைகூடக் குழப்பம் வந்ததில்லை.

வத்தலக்குண்டு அப்பா:
மீட்டரப் பாக்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும் தம்பி. பதினோரு வயசுப் பயலப் பாக்க எந்தப் பெத்தவனாச்சும் அப்படி நெனப்பானா?

குன்னூர் நைட் ஷிப்ட்:
லாஜிக் சார், உங்க கணக்குப்படி பையானுவல்னா ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை வரணும். ஆனா அது வருஷத்துக்கு ரெண்டு தடவை! ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைன்னா பையன்னியல். ரெண்டுலயும் அதே பைதான் சார் இருக்கு.

என் கதை சம்பளம். அமெரிக்காக் கம்பெனி, வீட்ல இருந்தே வேலை. வருஷம் 12 லட்சம், "பைவீக்லி பே"ன்னு ஆஃபர் லெட்டர்ல. ஒண்ணாந்தேதி ஒரு 50,000, பதினஞ்சாந்தேதி ஒரு 50,000ன்னு மனசுல வரவு எழுதிட்டேன். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. அஞ்சாந்தேதி.

முதல் சம்பளம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு வந்துச்சு, ஷிப்ட்ல இருக்கேன். மெசேஜைத் திறந்தா 46,153. டீயைக் கீழ வச்சுட்டு மறுபடி படிச்சேன். 3,847 ரூபாயை எவன் எடுத்தான்னு காரமா ஒரு மெயில் தட்டிட்டேன். ஹெச்.ஆர். அம்மா பொறுமையா ஒரே வரியில பதில் போட்டாங்க, வருஷத்துல எத்தனை வெள்ளிக்கிழமைன்னு எண்ணிப் பாருங்கன்னு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னா 26 சம்பளம். மாசம் ரெண்டுன்னாதான் 24, அதுக்கு அவங்க ஊர்ல செமிமன்த்லின்னு தனிப் பேரு. என் காசு எங்கயும் போகலை, 26 துண்டா வெட்டியிருக்காங்க. இதுல தேதி வேற மாசாமாசம் நகரும், அஞ்சாந்தேதி மட்டும் நகராது. வருஷத்துல ரெண்டு மாசம் மூணு சம்பளம் விழும். அந்த மாசம் எங்க வீட்ல டீக்கு வர்க்கி கொஞ்சம் தாராளமா இருக்கும்.

இன்னும் அந்த மெயிலை நினைச்சா கூசுது. "எவன் எடுத்தான்"கிறதை இங்கிலீஷ்ல எப்படி எழுதியிருப்பேன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

தோட்டத்து டாக்டர்:
மஞ்சூர் தங்கச்சி, வார்த்தையை விடுங்க, விஷயத்துக்கு வாங்க. எனக்கும் 2018ல ஒரு ரவுண்டு போச்சு, அதை இன்னொரு நாள் சொல்றேன்.

கொப்புளம்கிறது ஒரு பூஞ்சாணம். அது கை வைக்கிறது இளந்தளிர்ல மட்டும்தான், முத்தின இலையைத் தொடாது. இலை காயாம ஈரமாவே இருந்தா வித்து முளைச்சிடும். சாதகமான பருவத்துல 11 நாள்லயே ஒரு சுற்றை முடிச்சு அடுத்த சுற்றுக்கு வித்து விட்டுடும். உங்கப்பா பதினோராம் நாள் இலையைக் காட்டினார்னு எழுதியிருக்கீங்களே, கணக்கு அப்படியே பொருந்துது. ரெண்டு வாரம் விட்டா நோய் ஒரு ஆட்டம் ஆடி முடிச்சு அடுத்ததுக்கு நிக்கும்.

அதுக்காக வாரத்துக்கு ரெண்டு தடவை அடிக்கிறதும் அறிவில்லை. காசு கரியாகும், இலையில மருந்து தங்கும், ஃபேக்டரியில கேள்வி வரும். வாரத்துக்கு ஒண்ணுன்னு உங்கப்பா வச்சிருந்தார் பாருங்க, அதுதான் கணக்கு. மழை வலுத்தா அஞ்சு நாளுக்கு ஒண்ணு. நோட்டீஸை எந்தப் பக்கம் படிச்சிருந்தாலும் தப்புதான்.

அப்புறம், கொழுந்து எடுத்த பிறகு அடிங்க, எடுக்கறதுக்கு முன்னாடி இல்லை. ரவுண்டை ஏழெட்டு நாளாக் குறைங்க, நோய் பிடிச்ச தளிர் கையோட வெளிய வந்துடும். மழைக்கு முன்னாடி நிழலுக்கு வச்ச சில்வர் ஓக் மரத்துக் கிளையைக் கழிங்க, வெயில் பட்டாலே வித்து செத்துடும். தாமிர மருந்து இலை மேல உக்காந்து காக்கிற மருந்து, மழையில கழுவிட்டா இல்லாத மாதிரிதான். அடிச்ச ரெண்டு மணி நேரத்துல கொட்டினா நாளை எண்ணாதீங்க, மறுபடி அடிங்க. நாஸில் அடைச்சிருக்கான்னு...

ரிடையர்டு சிஸ்டர், ஊட்டி:
டாக்டர் தம்பி, பாதியில் குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். இங்கே யாரும் மருந்து கேட்கவில்லை. மனுஷங்களுக்கான டாக்டர்களே இந்த வார்த்தையால் பண்ணினதை நான் சொல்கிறேன்.

நான் வார்டில் இருந்த காலம். கிட்னி பிரச்சினையில் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆன ஒரு பாட்டி. ரத்தம் ஊறுவதற்கான ஊசி, சம்மரியில் "பைவீக்லி" என்று டைப் அடித்திருந்தது. ஒரு மாசத்துக்கு எட்டு ஊசி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு என்றாலே வாரத்துக்கு ரெண்டு என்று புரிந்திருக்க வேண்டும். ஊரில் ஊசி போடுகிற பையன் ரெண்டு வாரத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டான்.

நாலு வாரம் கழித்து மூச்சு வாங்க வாங்க வந்து உட்கார்ந்தாள். தூக்குவாளியைத் திறந்தாள், உள்ளே ஐஸ் கட்டிக்கு நடுவில் ஆறு ஊசி. சேலைத் தலைப்பில் போட்டிருந்த ரெண்டு முடிச்சையும் காட்டினாள், போட்ட ஊசிக்கு ஒன்று வீதம். "எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கேன் பாரு சிஸ்டர்" என்று சிரித்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அந்தச் சீட்டில் அந்த வார்த்தையை அடித்து "செவ்வாய், வெள்ளி" என்று எழுதினேன். அப்புறம் ரிடையர் ஆகிற வரைக்கும் கிழமை எழுதாமல் ஒரு சீட்டையும் கையை விட்டுக் கொடுத்ததில்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கிற ஜாயின்ட் கமிஷன், மருந்துச் சீட்டில் எழுதவே கூடாத சுருக்கெழுத்து என்று 2004லேயே ஒரு பட்டியல் போட்டது. தினம் ஒரு தடவைக்கு எழுதுகிற கியூ.டி.யும் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு எழுதுகிற கியூ.ஓ.டி.யும் அதில் உண்டு. கையெழுத்தில் ஒரு ஓ புள்ளியாகப் போய்விட்டால் மருந்து ரெட்டிப்பாகிவிடும்.

தமிழாசிரியர், பழனி:
அன்பர்களே, தமிழில் இந்தத் தொல்லையே இல்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லையே! நம் பத்திரிகைகள் அட்டையிலேயே "வாரமிருமுறை", "மாதமிருமுறை" என்று பச்சையாகப் போட்டுக்கொள்கின்றன. வாரம் முன்னால், முறை பின்னால், ஐயத்துக்கு இடமேது? ஆங்கிலேயரிடமும் நல்ல சொல் ஒன்று உண்டு, ஃபார்ட்நைட். பழைய ஆங்கிலத்தில் பதினான்கு இரவு. அவர்கள் இரவை எண்ணினார்கள். நாம் திதியை எண்ணிப் பட்சம் என்றோம். அமெரிக்கர்கள் அந்தச் சொல்லை அவ்வளவாகப் புழங்குவதில்லை, பைவீக்லியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

என் அனுபவம் சிறியது. பணியில் இருந்தபோது வாசகசாலை அறிக்கை "பைமன்த்லி" அனுப்பச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்தது. ஆண்டுக்கு 6 போதும் என்ற இடத்தில் 24 அனுப்பினேன். ஒருவரும் படிக்கவில்லை, ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. பதினெட்டு அறிக்கையின் உழைப்பை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

குன்னூர் நைட் ஷிப்ட்:
ஐயா, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்குச் செவ்வாய். "எட்டு நாள் கழிச்சு வா"ன்னு சொன்னா அடுத்த செவ்வாயா, புதனா? எங்க பாட்டிக்குச் செவ்வாய், எனக்குப் புதன். "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா"ன்னு நாம சொல்றது பாதி நேரம் பதினாலுதான். "இருவார இதழ்"னு ஒண்ணு போட்டாங்கன்னா அதுவும் பைவீக்லியோட தமிழ்த் தம்பிதானே?

தமிழாசிரியர், பழனி:
"இருவார இதழ்" என்று எழுதுவது மொழிபெயர்ப்பாளர் செய்த பிழை. பாட்டி சொன்னதுதான் சரி. இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுவதே மரபு.

லாஜிக் மட்டும்:
அப்ப பேரனுக்கும் பாட்டிக்கும் ஒரே தமிழ்ல குழப்பம் இருக்குன்னு ஒத்துக்கறீங்க.

கேத்தி கேரட்:
சண்டைக்கு நடுவுல சின்னது ஒண்ணு. விதைப் பாக்கெட்ல கேரட் "பையன்னியல்"னு பாத்துட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை பூக்கும்னு தாத்தாகிட்ட அடிச்சு விட்டேன், ஸ்கூல் படிக்கிறப்ப. அவர் நம்பி ஒரு பாத்தியைப் பிடுங்காம விட்டுட்டார். கேரட்டுக்கு முதல் வருஷம் கிழங்கு, மறுவருஷம்தான் பூவும் விதையும். நாம மூணு நாலு மாசத்துலயே பிடுங்கிடறதால அது பூத்து யாரு பாத்தா! தாத்தா தினம் காலைல மண்வெட்டியோட போய் நின்னு பாத்துட்டு வருவார். கடைசியா வெள்ளைக் குடை மாதிரி விரிஞ்சு நின்னப்ப, "இதுக்கா ஒரு பாத்தி?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். நல்லவேளை குறிஞ்சிக்குப் பன்னெண்டு வருஷம்னு முழுசாச் சொல்றாங்க, பொழைச்சோம்.

வத்தலக்குண்டு அப்பா:
மஞ்சூர் பாப்பா, உங்கப்பா அதுக்கப்புறம் யார்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்றாரு?

மஞ்சூர் பொண்ணு:
என்கிட்டத்தான் அங்கிள். போன வாரம்கூட ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். எழுத்து கடுகு மாதிரி. போன்ல படம் எடுத்துப் பெருசு பண்ணி மூணு தடவை படிச்சேன். இந்தத் தடவை "செவன் டேஸ்"னு தெளிவாவே இருந்துச்சு. இருந்தும் வாயால சொல்லலை. காலண்டர்ல நாலு புதன்கிழமைக்கு வட்டம் போட்டுக் குடுத்தேன்.

வட்டத்தைப் பாத்தார். வாசலுக்குப் போய் வானத்தைப் பாத்தார். "வியாழன் அடிக்கலாம்மா"ன்னுட்டார். புதன் நல்ல மழை.