48 வோல்ட் பக் கன்வெர்ட்டர்: லோடு ஏற்றினால் மேல்பக்க காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் மட்டும் போகிறது, உதவுங்கள்

வண்டிப்பட்டறை:

வணக்கம் நண்பர்களே. மின் ஸ்கூட்டரின் 48 வோல்ட் லித்தியம் பேட்டரியிலிருந்து (முழு சார்ஜில் 54.6 வோல்ட்) 12 வோல்ட், 10 ஆம்பியர் எடுக்க ஒரு சிங்க்ரனஸ் பக் கன்வெர்ட்டர் (இரண்டு டிரான்சிஸ்டர்களை மாறிமாறி ஆன் செய்து வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்; பேட்டரி பக்கம் இருப்பது மேல், கிரவுண்ட் பக்கம் இருப்பது கீழ்) செய்திருக்கிறேன். முதல் போர்டில் 100 வோல்ட் சிலிக்கான் மாஸ்ஃபெட் ஜோடி, 100 கிலோஹெர்ட்ஸ். எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. ஆனால் அதன் காயில் பெரியது, வண்டியின் முன்பக்கம் அதற்கு இடம் போதவில்லை. காயிலைச் சின்னதாக்க 500 கிலோஹெர்ட்ஸுக்குப் போகலாம் என்று 100 வோல்ட் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் போட்டுப் புதிய போர்டு அடித்தேன்.

3 ஆம்பியர் வரை அருமையாக ஓடுகிறது. 8 ஆம்பியரைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் மேல்பக்க டிரான்சிஸ்டர் போய்விடுகிறது. கழற்றிப் பார்த்தால் கேட்டுக்கும் (ஆன், ஆஃப் செய்யும் முனை) சோர்ஸுக்கும் (கரண்ட் வெளியேறும் முனை) நடுவே ஷார்ட். கீழ்ப்பக்கத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. கேட்டுக்கு 6 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று டேட்டாஷீட்டில் இருப்பதால் கேட்டை இயக்கும் டிரைவர் சிப்புக்கு 5 வோல்ட்தான் கொடுத்திருக்கிறேன். அப்படியிருக்க கேட் எப்படிப் போகிறது?

பழைய ரேடியோ:

தம்பி, ஸ்விட்ச் நோடில் (இரண்டு டிரான்சிஸ்டரும் காயிலும் சேரும் இடம்) ஸ்பைக் எவ்வளவு வருகிறது என்று முதலில் பாருங்கள். சிலிக்கான் மாஸ்ஃபெட் 100 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் அவலாஞ்சில் (எல்லை தாண்டியதும் கரண்டைத் தானே கடத்திவிடும் நிலை) அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு பிழைத்துவிடும். காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் அப்படிப்பட்ட அவலாஞ்ச் கிடையாது. தாங்கும் எல்லையைத் தாண்டினால் அதோடு முடிந்தது.

அளக்கும்போது புரோபின் நீள கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டு, முனையிலேயே மாட்டும் ஸ்பிரிங்கைப் போடுங்கள். ஏறும் நேரம் சில நானோ செகண்ட்தான் என்பதால் அந்த நீளக் கம்பியே ஒரு காயிலாகி, இல்லாத ஸ்பைக்கையெல்லாம் காட்டும்.

வண்டிப்பட்டறை:

ஸ்பிரிங் போட்டு 200 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் பார்த்தேன் சார். 8 ஆம்பியரில் உச்சம் 71 வோல்ட். 100க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் மேல் டிரான்சிஸ்டர் ஆன் ஆவதற்குச் சற்று முன்பும், ஆஃப் ஆன உடனேயும் ஸ்விட்ச் நோடு பூஜ்யத்துக்குக் கீழே 2 வோல்ட்டுக்கு மேல் இறங்கி நிற்கிறது. சிலிக்கான் போர்டில் இது 0.8 வோல்ட் அளவில்தான் இருந்தது. இதனால் ஏதாவது ஆகுமா?

செம்புத்தடம்:

ஆகும். உங்கள் டிரான்சிஸ்டரைக் கொல்வது அந்த 2 வோல்ட்தான் என்று நினைக்கிறேன். இரண்டு விஷயம் சொல்லுங்கள்: டெட் டைம் (இரண்டு டிரான்சிஸ்டரும் ஒருசேர ஆஃப் ஆக இருக்கும் இடைவெளி) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டரில் (மேல் கேட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தேக்கிவைப்பது) எவ்வளவு வோல்ட் நிற்கிறது?

இரண்டாவதை ஸ்கோப்பில் பார்ப்பது சிரமம், ஏனென்றால் அதன் இரண்டு முனையும் ஸ்விட்ச் நோடோடு சேர்ந்து குதிக்கும். கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் காலுக்கு ஒன்றாக 10 கிலோஓம் ரெசிஸ்டரை ஒட்டவைத்துப் பற்றவையுங்கள். மல்டிமீட்டர் கம்பிகளை அந்த ரெசிஸ்டர்களின் மறுமுனையில் மாட்டுங்கள். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்பதால் அளவில் பெரிய வித்தியாசம் வராது, கம்பியின் பாரமும் சர்க்யூட்டைத் தொடாது. பேட்டரியில் ஓடும் கை மீட்டராகவே இருக்கட்டும்.

வண்டிப்பட்டறை:

டெட் டைம் 120 நானோ செகண்ட், பழைய போர்டின் புரோகிராமில் இருந்த அதே அளவு. பூட்ஸ்ட்ராப்பில் லோடு இல்லாதபோது 4.7 வோல்ட். 5 ஆம்பியரில் 6.2. அதற்கு மேல் ஏற்றாமல் நிறுத்திவிட்டேன்.

செம்புத்தடம்:

ஆள் அகப்பட்டுவிட்டான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தப் பொருளோடு வேலை செய்யப்போகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சிலிக்கான் மாஸ்ஃபெட்டுக்குள் அதன் அமைப்பிலேயே ஒரு பிஎன் சந்தி இருக்கிறது. டெட் டைமில் இரண்டு கேட்டும் ஆஃப் ஆக இருக்கும்போது காயிலின் கரண்ட் அந்த உள் டயோடு வழியாக ஓடும். அதனால்தான் 0.8 வோல்ட்.

காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் அந்த டயோடே இல்லை. காலியம் நைட்ரைடு படலத்தின் மேல் அலுமினியம் காலியம் நைட்ரைடு படலம் வளர்த்தால், இரண்டும் சேரும் இடத்தில் மாசு எதுவும் கலக்காமலேயே எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய தகடுபோலத் திரளும். இரண்டு பொருள்களின் மின்முனைப்பாடும் வேறுபடுவதால் வரும் விளைவு இது. அங்கே எலக்ட்ரான்களின் நகர்திறன் 2000 செமீ²/வோல்ட்-செகண்ட் அளவுக்குப் போகும். மின்சாரம் படலத்தின் வழியே பக்கவாட்டில் ஓடுகிறது, நடுவில் சந்தி எதுவும் இல்லை.

அப்படியானால் எதிர்த்திசையில் கரண்ட் எப்படிப் போகிறது? டிரெயின் (சோர்ஸுக்கு எதிர்முனை) பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இறங்க, டிரெயினைப் பார்க்கும்போது கேட் மேலே ஏறியதுபோல ஆகிறது. அந்த வித்தியாசம் ஆன் ஆகும் வோல்ட்டேஜைத் தொட்டதும் சேனல் தானாகத் திறக்கும். ஆகவே அந்த இறக்கம் ஒருபோதும் 0.8 ஆகாது. குறைந்த கரண்டிலேயே 1.8 வோல்ட்டுக்குப் பக்கம், 10 ஆம்பியரில் 2.2 அளவுக்குப் போகும்.

இப்போது உங்கள் பூட்ஸ்ட்ராப்பைப் பாருங்கள். 5 வோல்ட், அதில் டயோடு 0.4 கழித்தால் 4.6. ஸ்விட்ச் நோடு மைனஸ் 2.2க்கு இறங்கினால் கெபாசிட்டருக்குக் கிடைப்பது 6.8 வோல்ட். 120 நானோ செகண்ட் என்பது அதை நிரப்பப் போதுமான நேரம். ஏறியது இறங்கவும் வழியில்லை, டயோடு தடுத்துவிடும். அந்த 6.8 அப்படியே மேல் கேட்டுக்குப் போகிறது. கீழ்ப்பக்கம் நேராக 5 வோல்ட்டில் ஓடுவதால் அதற்கு ஆபத்தில்லை. லோடு ஏறினால் இறக்கம் கூடுகிறது, அதனால் 3 ஆம்பியரில் பிழைத்தது 8இல் போகிறது.

செய்ய வேண்டியது: முதலில் டெட் டைமைக் குறையுங்கள். உங்கள் கன்ட்ரோலரின் டைமர் எத்தனை மெகாஹெர்ட்ஸ்? அடுத்து, பூட்ஸ்ட்ராப் டயோடோடு வரிசையில் 3 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர், கெபாசிட்டருக்குக் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் (அந்த அளவுக்கு மேல் வோல்ட்டேஜை ஏறவிடாத டயோடு). புதிய போர்டு அடிப்பதாக இருந்தால் எல்எம்5113 மாதிரி காலியம் நைட்ரைடுக்கென்றே செய்த டிரைவரைப் போடுங்கள். பூட்ஸ்ட்ராப்பை 5.2 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆம்பியர்மணி:

கீழ் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே ஒரு ஷாட்கி டயோடு (குறைந்த வோல்ட்டேஜ் இறக்கத்திலேயே கடத்துவது) போட்டால் வேலை முடிந்ததே? இத்தனை பாடு எதற்கு? என்னைக் கேட்டால் 12 வோல்ட் 10 ஆம்பியருக்குச் சிலிக்கானே போதும்.

செம்புத்தடம்:

ஷாட்கி உதவும், ஆனால் டிரான்சிஸ்டரை ஒட்டியே இருக்க வேண்டும். கரண்ட் அதற்குள் மாறும் வேகத்தை வழியிலுள்ள இண்டக்டன்ஸ்தான் தீர்மானிக்கிறது. தள்ளுவதற்கு இருப்பது ஏறத்தாழ 1.7 வோல்ட். வழியில் 10 நானோஹென்றி இருந்தால் 10 ஆம்பியர் மாறவே 60 நானோ செகண்ட் ஆகும். அதற்குள் பூட்ஸ்ட்ராப் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். டயோடைக் காலியாக இருக்கிற இடத்தில் எங்கேயோ வைத்துவிட்டு ‘போட்டேன், பயனில்லை’ என்று சொல்பவர்களுக்கெல்லாம் காரணம் இதுதான்.

சிலிக்கான் போதும் என்பது 100 கிலோஹெர்ட்ஸில் சரி, ஒத்துக்கொள்கிறேன். 500இல் சரியாகாது. உள் டயோடு ஆஃப் ஆகும்போது தேங்கிய சார்ஜை வெளியேற்ற வேண்டும். 100 நானோகூலும் என்று வைத்தால், 54 வோல்ட்டில் 500 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 2.7 வாட். காலியம் நைட்ரைடில் அந்தச் சார்ஜ் பூஜ்யம். அவருக்குச் சின்ன காயில் வேண்டும் என்பதால் அவர் எடுத்த முடிவு சரியானது.

பழைய ரேடியோ:

இதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. வீட்டில் எரியும் வெள்ளை எல்இடிக்குள் இருக்கும் நீலச் சில்லும் இதே குடும்பம்தான். நல்ல படிகமாக வளர்க்க முடியாது என்று பலர் கைவிட்ட பொருளை அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் விடாமல் பிடித்து வளர்த்தார்கள். 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. விளக்குக்காகப் பழகிய படலம் வளர்க்கும் வித்தைதான் இப்போது போன் சார்ஜரில் வந்து நிற்கிறது.

வண்டிப்பட்டறை:

டைமர் 72 மெகாஹெர்ட்ஸ், ஒரு படி ஏறத்தாழ 14 நானோ செகண்ட். இரண்டு படி வைத்து 28க்குக் கொண்டுவந்தேன். ரெசிஸ்டரும் ஜீனரும் போட்டேன். இப்போது 10 ஆம்பியரிலும் பூட்ஸ்ட்ராப் 5.1ஐத் தாண்டவில்லை. ஒரு மணி நேரம் ஓடியும் டிரான்சிஸ்டர் நலமாக இருக்கிறது. மிக்க நன்றி அண்ணா!

கீழ் டிரான்சிஸ்டரின் சூடும் நன்றாகக் குறைந்துவிட்டது. அது ஏன்? மேல்பக்கம் மட்டும் இன்னும் 90 டிகிரிக்குப் போகிறது. காலியம் நைட்ரைடு சூட்டைத் தாங்கும் என்கிறார்களே, அப்படியே விட்டுவிடலாமா?

செம்புத்தடம்:

டெட் டைமில் வீணாவது 2.2 வோல்ட் × 10 ஆம்பியர் × 120 நானோ செகண்ட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. 500 கிலோஹெர்ட்ஸுக்கு அது 2.6 வாட். 28 ஆக்கியதும் 0.6 வாட். பழைய சிலிக்கான் போர்டில் அதே 120 நானோ செகண்ட் 0.2 வாட்தான் தின்றிருக்கும், அதனால் அங்கே இது கண்ணில் படவில்லை.

சூட்டை அப்படியே விடாதீர்கள். காலியம் நைட்ரைடின் ஆற்றல் இடைவெளி 3.4 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுக்கு 1.1. தாங்கும் மின்புலம் சிலிக்கானைப்போல ஏறத்தாழ 10 மடங்கு. அதனால்தான் அதே 100 வோல்ட்டுக்கு இவ்வளவு சின்னச் சில்லு போதுமானதாக இருக்கிறது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் இது சிலிக்கானை விடப் பெரிதாக ஒன்றும் உயர்ந்ததில்லை. அதில் கெட்டிக்காரர் சிலிக்கான் கார்பைடு. சில்லு சின்னது, வரும் சூடு முழுவதும் அந்தச் சின்ன இடத்திலேயே வருகிறது.

பேடுகளுக்கு அடியிலும் சுற்றிலும் வயா துளைகளை நெருக்கமாகப் போட்டு உள் அடுக்குகளின் செம்புக்குச் சூட்டை இறக்குங்கள். சில்லின் முதுகில் மெல்லிய தெர்மல் பேட் வைத்து அலுமினியப் பெட்டியோடு சேர்த்துவிடலாம், ஆனால் திருகை இறுக்கும்போது சில்லில் பாரம் ஏறாமல் நாலு மூலையிலும் தாங்குகால் கொடுங்கள். முதுகு உள்ளே சோர்ஸோடு இணைந்ததா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். இணைந்திருந்தால் மேல்பக்கச் சில்லின் முதுகும் ஸ்விட்ச் நோடாகக் குதிக்கும், மின்கடத்தாப் பேட் கட்டாயம். மேல் கேட்டின் ஆன் ரெசிஸ்டர் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? உச்சம் 71 வோல்ட்தான் என்பதால் அதைக் கொஞ்சம் குறைத்து ஸ்விட்ச்சிங்கை வேகப்படுத்த இடமிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்பைக்கையும் சூட்டையும் சேர்த்தே அளந்து எழுதுங்கள்.