பழைய ஸ்காண்டிநேவிய நிலைவிளக்கின் வயரை மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். டென்மார்க்கில் 1960 வாக்கில் செய்யப்பட்டது என்று சொல்லப்பட்ட ஒரு நிலைவிளக்கு அண்மையில் என் கைக்கு வந்தது. தேக்குத் தண்டும் பித்தளைக் கழுத்தும் கனத்த இரும்பு அடித்தட்டும் கொண்டது. தயாரிப்பாளரின் பெயர் எங்கும் இல்லை. பேக்கலைட் பல்பு ஹோல்டரில் மட்டும் வட்டத்துக்குள் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. துணி சுற்றிய பழைய வயரை மாற்றினால் விளக்கின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று தயங்குகிறேன். கறுத்திருக்கும் பித்தளையை மெருகேற்றலாமா?

மறுமொழி 1:
அந்த ‘எஸ்’, சுவீடனின் செம்கோ என்னும் மின்பாதுகாப்புச் சோதனை அமைப்பின் முத்திரை. டென்மார்க்கின் டெம்கோ முத்திரையில் ‘டி’ இருக்கும். ஹோல்டர் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், தேக்கைக் கண்டாலே டென்மார்க் என்று சொல்லி விற்கும் வழக்கத்தை நம்பாதீர்கள். டென்மார்க் வடிவமைப்பாளர் ஆர்னே யாக்கொப்சன், 1960-இல் திறக்கப்பட்ட கோபன்ஹேகன் எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலுக்காக வடிவமைத்த ஏ.ஜே. நிலைவிளக்கைச் சாய்ந்த தலையைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். உங்களுடையதைப் போன்ற தேக்குத் தண்டு விளக்குகளைப் பலர் செய்தார்கள். அடித்தட்டின் கீழே ஒட்டியுள்ள துணியின் ஓரத்தை மெல்ல உயர்த்திப் பாருங்கள். தயாரிப்பாளரின் காகிதச் சீட்டு இருந்தால் அங்கேதான் தப்பியிருக்கும்.

மறுமொழி 2:
வயரை மாற்றத் தயங்கவே வேண்டாம். துணிக்கு உள்ளே இருப்பது ரப்பர் உறை. பல்பின் சூடு படும் ஹோல்டர் அருகில்தான் அது முதலில் காய்ந்து உதிரும். நான் பிரித்த ஒரு விளக்கில் வெளித்துணி புதியதுபோல் இருந்தது. ஆனால் வயரைச் சற்று வளைத்ததும் ரப்பர் கறுப்புத் தூளாகக் கையில் கொட்டியது, வெறும் செம்புக் கம்பி பித்தளைக் குழாயை உரசிக்கொண்டிருந்தது. எர்த் இல்லாத இரண்டு கம்பி வயரில் இப்படி நேர்ந்தால், தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். மின்பணியாளரைக் கொண்டு மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தை உலோகப் பகுதியோடு இணைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களை ஓர் உறையில் போட்டு விளக்கோடு வைத்திருங்கள். பின்னாளில் வாங்குபவர் அதைத்தான் கேட்பார். பல்பு எல்.இ.டி.யாக இருந்தால் சூடும் குறையும்.

மறுமொழி 3:
பித்தளையை மெருகேற்றாதீர்கள். பல விளக்குகளில் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. பாலிஷ் பசை அதைத் திட்டுத்திட்டாகச் சுரண்டிவிடும். மென்துணியால் தூசி துடைத்தால் போதும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. துணியை உயர்த்திப் பார்த்தேன். பாதி கிழிந்த சீட்டில் ‘சுவீடன்’ என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வயரை மாற்றும்வரை விளக்கைப் பிளக்கில் செருகப் போவதில்லை.