பிரித்துக் கோத்த இஞ்சினில் சூடேறியதும் ஆயில் அழுத்தம் விழுகிறது: எங்கே தேடுவது?

கேள்வி

வணக்கம். கார்புரேட்டர் வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் ஒன்றை முழுவதுமாகப் பிரித்து, லேத்துக்குப் போக வேண்டிய வேலைகளை அங்கே கொடுத்துவிட்டு, மீதியை நானே கோத்து முடித்தேன். கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பிளாக்குக்குள்ளேயே ஓடும் பழைய வகை இது. ஆயில் பம்ப் சம்புக்குள் (இஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள்) இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் மெயின் (பிளாக்கில் தாங்கப்படும் இடம்), பிக் எண்ட் (கனெக்டிங் ராடு மாட்டும் இடம்) ஜர்னல்கள், அதாவது பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதிகள், எல்லாம் 0.25 மி.மீ. குறைத்து கிரைண்ட் செய்யப்பட்டன. அதற்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங்குகளைத்தான் போட்டேன். ஷெல்களின் (பேரிங்கின் அரைவட்டத் தகடுகளின்) முதுகில் அச்சிட்டிருந்த எண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தைக் கொண்டு இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து அளந்ததில் மெயின் பேரிங்குகளில் 0.05 மி.மீ., பிக் எண்டில் அதற்குச் சற்றுக் குறைவாக இடைவெளி கிடைத்தது.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் அழுத்தம் உடனே 4 பாருக்கு ஏறி நிற்கிறது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஐட்லிங்கில் 0.4 பாருக்கு விழுந்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கும் விட்டுவிட்டு எரிகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் 1.8 பாரைத் தாண்டுவதில்லை. போட்டிருப்பது 10டபிள்யூ-40 ஆயில். தட்டும் சத்தம் எதுவும் இல்லை. மொத்தமாக 200 கி.மீ. கூட ஓடவில்லை. இஞ்சினை இறக்காமலே காரணத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் எவற்றையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

பதில் 1

முதலில் அந்த எண்களை நம்பலாமா என்று பாருங்கள். டாஷ்போர்டில் உள்ளது எலெக்ட்ரிக் மீட்டர் என்றால், அது காட்டுவது சென்டரின் (அழுத்தத்தை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் உறுப்பின், sender) மின்தடையைத்தான். சென்டர் கெட்டாலோ எர்த் சரியாகக் கிடைக்காவிட்டாலோ நல்ல இஞ்சினும் நோயாளியாகத் தெரியும். சென்டரைக் கழற்றி, அதே துளையில் குழாயுடன் கூடிய மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பூட்டி, இருபது முப்பது நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டுப் படியுங்கள். நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளப்பதில் பயனில்லை. தண்ணீர் சூடேறி நெடுநேரம் கழித்துத்தான் ஆயில் சூடேறும்.

அளவு உண்மைதான் என்று தெரிந்தால், அழுத்தம் விழும் விதத்தைக் கவனியுங்கள். ஐட்லிங்கில் நன்றாக இருந்து, வேகம் கூடக் கூட முள் ஆடினாலோ இறங்கினாலோ, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங் கிழிந்திருக்கலாம், அல்லது அதன் முனையிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னர் சம்பின் அடித்தட்டோடு ஒட்டி நிற்கலாம். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்து ஆயிலை வெளியேற்றும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கக் கூடும். லேத் வேலையில் மிஞ்சிய ஒரு சிறு துரும்பு அதற்குப் போதும். உங்களுடையது மூன்றாவது வகை: ஆயில் கெட்டியாக இருக்கும்போது அழுத்தம் முழுதாக இருக்கிறது, இளகியதும் எங்கோ வழிந்து போய்விடுகிறது. குளிரில் 4 பார் வருவதால், பம்பின் மீதும் வால்வின் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

செலவில்லாத இரண்டு சோதனைகளையும் முடித்துவிடுங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஊற்றிய அளவைவிட ஆயில் மட்டம் உயர்ந்திருந்தாலோ, கார்புரேட்டர் வழிகிறது அல்லது ஃபியூயல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது; பெட்ரோல் கலந்த ஆயில் எந்தப் பேரிங்கிலும் அழுத்தத்தைத் தாங்காது. அடுத்து, ஃபில்டரைக் கழற்றி, தகட்டை வெட்டி, உள்ளே உள்ள காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய தூள் புதிதாகக் கோத்த இஞ்சினில் இருக்கத்தான் செய்யும். ஒட்டாத சாம்பல் நிறச் செதில்கள் இருந்தால் அவை பேரிங்கிலிருந்து வந்தவை. செம்பு நிறம் தெரிந்தால் ஷெல்லின் மேற்பூச்சே தேய்ந்துவிட்டது.

பதில் 2

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது என் ஐயம். பழைய இஞ்சின்களில் ஐட்லிங்கில் அரை பார் இருப்பது புதிதல்ல. எச்சரிக்கை விளக்கின் சுவிட்சுகளே பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பாருக்குள்தான் வேலை செய்கின்றன. இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலுக்கு மாறிப் பாருங்கள். போதவில்லை என்றால் அதிகக் கொள்ளளவு கொண்ட பம்ப் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

பதில் 3

இரண்டாம் பதிலில் சொன்ன வழியை, காரணம் தெரிவதற்கு முன் கையாள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த இஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஒரு கைத்தடியாக உதவலாம், 200 கி.மீ. மட்டுமே ஓடிய இஞ்சினில் அது கசிவை மறைப்பதோடு சரி. பெரிய பம்பும் அப்படித்தான். கசிகிற இடத்தில் கூடுதலாகக் கசியவிட்டு, கேஜுக்கு ஒரு நல்ல எண்ணைக் காட்டும். அதைச் சுழற்றும் பல்சக்கரத்தின் மேல் சுமையையும் ஏற்றும்.

முதல் பதிலிலும் ஒரு திருத்தம் தேவை. குளிரில் 4 பார் வந்துவிட்டதால் பம்ப் நல்லது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பல்சக்கரங்களுக்கும் மூடித் தகட்டுக்கும் இடையே இடைவெளி மிகுந்திருந்தால், கெட்டி ஆயிலை அது தள்ளிவிடும், இளகிய ஆயிலைத் தனக்குள்ளேயே பின்னுக்கு நழுவவிடும். சம்பைக் கழற்றும்போது பம்பின் மேல் நேர்விளிம்புப் பட்டை ஒன்றை வைத்து, ஃபீலர் கேஜால் அளந்துவிடுங்கள், 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, மூடித் தகட்டில் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தாலோ நான் அதை விடமாட்டேன்.

அழுத்தத்தைப் பம்ப் உண்டாக்குகிறது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே, அந்த ஓட்டத்துக்குப் பேரிங்குகளின் குறுகலான இடைவெளிகள் காட்டும் தடைதான் அழுத்தமாகத் தெரிகிறது. இடைவெளி வழியாகக் கசியும் அளவு அந்த இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு (கனத்துக்கு) ஏற்ப வளரும். 0.05 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.10 இருந்தால் கசிவு எட்டு மடங்கு, 0.15 இருந்தால் இருபத்தேழு மடங்கு. ஆகவே ஒன்பது பேரிங்குகள் கச்சிதமாக இருந்து, பத்தாவது ஒன்று மட்டும் தளர்ந்திருந்தாலும் கேஜில் நீங்கள் காண்பது அந்தப் பத்தாவதின் கதையாகத்தான் இருக்கும். மெயினையும் பிக் எண்டையும் அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கேம் பேரிங்குகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவற்றை மாற்றினீர்களா? பிளாக்கைக் காஸ்டிக் சோடா கரைசலில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்தார்களா? அந்தக் கரைசல் கேம் பேரிங்கின் மெல்லிய உலோகப் பூச்சை அரித்துவிடும் என்பதால்தான், அப்படிச் சுத்தம் செய்த பிளாக்கில் பழைய கேம் பேரிங்குகளை விட்டுவைக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி.

ஊகிப்பதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சம்பைக் கழற்றி, சென்டர் இருந்த துளை வழியாக, அழுத்தம் ஏற்றிய ஒரு கலனிலிருந்து இளகிய ஆயிலை ஏறத்தாழ 2 பாரில் கேலரிக்குள் (பிளாக்கினுள் பேரிங்குகளுக்கு ஆயில் போகும் வழிக்குள்) செலுத்துங்கள். பம்பிலிருந்து வரும் வழியை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆயில் பம்ப் வழியே பின்னோக்கி வழிந்து உங்களைக் குழப்பும். நல்ல பேரிங்கின் ஓரங்களில் ஆயில் சொட்டுச் சொட்டாக விழும், கெட்ட இடத்தில் ஒழுகும். பிளக் போட மறந்த கேலரி என்றால் கொட்டும். டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கும் பிளக்குகளை மறப்பவர்கள் பலர், அங்கே கசிவது வெளியே தெரியவே தெரியாது. ஒரு எச்சரிக்கை: கிராங்கில் உள்ள ஆயில் துளையும் பேரிங்கின் துளையும் நேர்க்கோட்டில் வரும் நிலையில் பிக் எண்டில் ஒழுக்கு மிகுதியாக இருப்பது இயல்பு, கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மீண்டும் பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மெக்கானிக்கல் கேஜும் ஐட்லிங்கில் 0.5 பார், 3000 ஆர்.பி.எம்.மில் 1.9 பார் என்றே காட்டியது. ஆகவே மீட்டர் பொய் சொல்லவில்லை. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை இல்லை. ஃபில்டரை வெட்டியபோது மடிப்புகளின் அடியில் அபிரகம் போல மினுக்கும் சாம்பல் நிறச் செதில்கள் கிடந்தன. காந்தம் அவற்றைத் தொடவே இல்லை. அதைப் பார்த்த பிறகு வண்டியை நான் ஸ்டார்ட் செய்யவில்லை.

பிளாக்கைக் காஸ்டிக்கில் போட்டுத்தான் எடுத்தார்கள். கேம் பேரிங்குகள் பார்வைக்கு நன்றாக இருந்ததால் பழையவற்றையே விட்டுவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சம்பைக் காரிலேயே கழற்ற முடிந்தது. பம்பின் இடைவெளி 0.06 மி.மீ., தகட்டில் கீறல் இல்லை. புதிதாக வாங்கிய கைத்தெளிப்பான் ஒன்றின் தொட்டியில் ஆயிலை ஊற்றி, காற்றடித்து, அதன் குழாயைக் கேலரியில் பொருத்தினேன். இரண்டாம் பிக் எண்டிலிருந்து ஆயில் ஒழுகியதைக் கண்டதும் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எண்ணினேன். கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பியதும் அது சொட்டாகக் குறைந்துவிட்டது. நீங்கள் எச்சரிக்காமல் இருந்திருந்தால் அன்றே அந்தக் கனெக்டிங் ராடைக் கழற்றியிருப்பேன். ஐந்து மெயின்களில் நடுவிலுள்ளது மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தபோதுதான் ஆயில் அந்த மெயினிலிருந்து வரவில்லை, மேலே நடுக் கேம் பேரிங்கிலிருந்து பேனா ரீஃபில் கனத்தில் இடையறாமல் வழிந்து, தடுப்புச் சுவரோடு இறங்கி மெயினின் மேல் விழுகிறது என்று தெரிந்தது.

பதில் 3

அப்படியானால் இஞ்சினை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று கேம் பேரிங்குகளையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டியதுதான். புதியதை அடித்து இறக்கியதும், கேலரித் துளை வழியே ஒரு கம்பியை விட்டு, அது பேரிங்கின் துளைக்குள் தட்டாமல் நுழைகிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். செதில்கள் ஏற்கெனவே ஊர்ந்து சுற்றியிருப்பதால், கிராங்கின் ஆயில் வழிகளைப் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். மெயின், பிக் எண்ட் ஷெல்களில் செதில் குத்திப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேம் ஷாஃப்டை உருவியபோது நடுப் பேரிங்கின் மேற்பரப்பு அம்மை விழுந்த முகம் போல இருந்தது. அளந்ததில் இடைவெளி 0.19 மி.மீ., முன் பேரிங்கில் 0.08. இரண்டு பிக் எண்ட் ஷெல்களில் மெல்லிய கோடுகள் தெரிந்ததால் அந்த செட்டையும் மாற்றினேன். புதிய நடுப் பேரிங்கை அடித்து இறக்கிய பிறகு கம்பி உள்ளே போக மறுத்தது. துளை பாதி மறைந்திருந்தது. அதை வெளியே எடுத்து, இன்னொன்றை வாங்கி மீண்டும் அடிக்க வேண்டியதாயிற்று.

அதே 10டபிள்யூ-40 ஆயிலில், அதே மெக்கானிக்கல் கேஜில், நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு ஐட்லிங்கில் 1.3 பார், 3000 ஆர்.பி.எம்.மில் 3.2 பார் நிற்கிறது. 300 கி.மீ. ஆனதும் ஃபில்டரை மறுபடியும் வெட்டிப் பார்க்கப் போகிறேன்.