வடக்குக் கசகஸ்தான் புல்வெளியில் கோதுமை வேளாண்மை: அனுபவப் பகிர்வு

பகிர்வு 1

அக்மோலா மாகாணத்தில் அறுவடை இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் சில பருவங்கள் இருந்தேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முதல் 350 மில்லிமீட்டர் வரை மழையும் பனியும் கிடைக்கும் அந்தச் சமவெளியில் கோதுமைக்குப் பாசனம் கிடையாது. குளிர்காலத்தில் வயலில் விழும் பனிதான் விதைக்கு முதல் ஈரம். திறந்தவெளிக் காற்று அதை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால், கதிரை மட்டும் அறுத்துவிட்டு அரிதாளை உயரமாக நிற்கவிடுகிறார்கள். பனி அதில் தங்கி, வசந்தத்தில் உருகி, மண்ணுக்குள் இறங்குகிறது.

ஏப்ரலிலேயே விதைக்கலாமே என்று அங்குள்ள மூத்த விவசாயி ஒருவரிடம் கேட்டேன். ஜூனில் வறட்சி வழக்கம் என்றும், ஜூலை மழை வரும்போது பயிர் கதிர்விடும் பருவத்தில் இருக்க வேண்டும் என்றும், அதனால் மே நடுப்பகுதிக்குப் பிறகே விதைப்பதாகவும், அதற்கும் மேல் தாமதித்தால் செப்டம்பர் உறைபனியில் மணி முற்றாமல் போகும் என்றும் விளக்கினார். 2023இல் இந்தக் கணக்கு இருபுறமும் தவறியது. கோடையின் தொடக்கம் காய்ந்தது. அறுவடைக் காலத்தில் மழை விடாமல் பெய்ததால் கதிரிலேயே மணிகள் முளைத்தன. இயந்திரங்கள் சேற்றில் இறங்க முடியாமல் நின்றதைப் பார்த்த வேதனை இன்னும் தீரவில்லை.

பகிர்வு 2

மேலே சொன்ன அரிதாள் முறைக்குப் பின்னால் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1954இல் சோவியத் தலைவர் குருசேவ், உழப்படாத புல்வெளிகளை வயலாக்கத் தொடங்கிய தரிசு நிலத் திட்டத்தில் கசகஸ்தானில் மட்டும் சுமார் 2.5 கோடி ஹெக்டேர் உழப்பட்டது. மண்ணைப் புரட்டிப்போடும் கலப்பையால் ஆண்டுதோறும் உழுததில் புல்வேர்கள் அழிந்து, 1960களில் புழுதிப்புயல்கள் மேல்மண்ணை அள்ளிச் சென்றன. நான் தங்கியிருந்த வீட்டின் பாட்டி, அந்நாட்களில் நண்பகலிலும் விளக்கேற்றியதாகச் சொன்னார். அக்மோலாவின் சோர்த்தண்டியிலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்தின் அலெக்சாண்டர் பராயெவ், மண்ணைப் புரட்டாமல் அடியில் மட்டும் வேரை அறுத்து, அரிதாளை மேலேயே விட்டுவைக்கும் முறையை வலியுறுத்தினார். மேலிடம் விரும்பாத ஒன்றை விடாமல் சொன்ன அவருடைய உறுதியைப் பெரிதும் மதிக்கிறேன். 1972இல் அவருக்குச் சோவியத் அரசின் உயரிய விருதுகளில் ஒன்றான லெனின் பரிசு கிடைத்தது.

பகிர்வு 1 எழுதியவரின் தொடர்ச்சி

2023இன் இலையுதிர்கால மழை அறுவடையோடு நிற்கவில்லை. நீரில் ஊறிய மண் அப்படியே உறைந்துவிட்டதால், 2024 வசந்தத்தில் பனி விரைந்து உருகியபோது நீர் உள்ளே இறங்க வழியின்றி ஆறுகளில் பாய்ந்தது. வடக்கிலும் மேற்கிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அந்தக் கோடையில் நல்ல மழை பெய்து விளைச்சல் பெருகியது உண்மைதான். ஆயினும், ஈரமாக வரும் தானியத்தை உலர்த்தும் இயந்திரம் சொந்தமாக இல்லாத சிறு பண்ணைகள் கிடைத்த விலைக்கு விற்க நேர்கிறது. அவர்களுக்குப் பொது உலர்த்தும் நிலையங்கள் உடனே வேண்டும் என்பது என் கருத்து.